ஊரின் பதினோரு பேர் – 7: பில்பாவோவின் பிடிவாதம்

1911 ஜூலை 29 அன்று கொல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று சாய்த்த கதையைப் போன வாரம் பார்த்தோம். அதே ஆண்டில், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு தகராறு நடந்தது. அங்கேயும் பிரச்னை ஆங்கிலேயர்கள்தான்.

மன்னர் கோப்பைப் போட்டிகள் அந்த ஆண்டு பில்பாவோ நகரத்துக்குப் பக்கத்தில் நடந்தன. உள்ளூர் அணியான அத்லெடிக் கிளப், இங்கிலாந்து ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு களமிறங்கியது. எதிரணிகள் கொதித்துப்போயின. ‘வெளிநாட்டுக்காரனை வைத்துக்கொண்டு ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா?’ என்று சண்டை. சில அணிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. கடைசியில் கோப்பை அத்லெடிக்குக்குத்தான் கிடைத்தது. ஆனால், அந்தக் கசப்புக்குப் பிறகு அந்த அணி வெளியாட்களைத் தேடிப் போகவே இல்லை. 110 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் போகவில்லை.

உலகின் பெரிய லீக்குகள் எதிலும் இப்படியொரு அணி கிடையாது. பில்பாவோ இருக்கும் பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மண்ணில் பந்தாடக் கற்றிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சட்டையைப் போட முடியும். பாஸ்க் மண் என்பது ஸ்பெயினில் நான்கு மாகாணங்கள், பிரான்ஸ் பக்கம் மூன்று, ஆக ஏழு. எல்லாவற்றையும் சேர்த்தாலும் அங்கே வாழ்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர்தான். சென்னை மாநகர மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்து மட்டும் ஆளெடுத்து, உலகம் முழுக்க வலைவீசும் ரியல் மாட்ரிட்டோடும் பார்சிலோனாவோடும் ஆண்டுதோறும் மோதுகிறார்கள். 1929-ல் ஸ்பானிஷ் லீக் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை முதல் டிவிஷனைவிட்டு ஒருமுறைகூட இறங்காத அணிகள் மூன்றே மூன்று. அந்த இரண்டு ராட்சத அணிகளோடு மூன்றாவதாக நிற்பது அத்லெடிக் கிளப். லீக் பட்டம் 8 முறை. மன்னர் கோப்பை 24 முறை.

இந்த விதியை எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் அந்தக் காலத்துப் பத்திரம் எதுவும் கிடைக்காது. ஒரு நாள் உட்கார்ந்து யாரும் தீர்மானம் போடவில்லை. பழக்கமாக ஆரம்பித்து, பெருமையாக வளர்ந்து, பிறகு மானப் பிரச்னையாகவே ஆகிவிட்ட விஷயம் அது.

இவ்வளவுக்கும் அந்த அணியைப் பெற்றுப்போட்டதே இங்கிலாந்துதான். பில்பாவோவைச் சுற்றியிருந்த மலைகளில் இரும்புத்தாது கொட்டிக் கிடந்தது. அதை ஏற்றிக்கொண்டுபோகக் கப்பல்கள் வந்தன, கப்பல்களோடு பிரிட்டிஷ் தொழிலாளர்களும் மாலுமிகளும் வந்தார்கள், அவர்களோடு பந்தும் வந்தது. இன்னொரு பக்கம், உள்ளூர்ப் பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிள்ளைகள் கால்பந்துப் பைத்தியங்களாக வந்தார்கள். 1898-ல் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடிய இளைஞர்கள் ஆரம்பித்து வைத்ததை, 1901-ல் கார்சியா என்ற காபிக் கடையில் கூடி முறைப்படி கிளப்பாக்கினார்கள். பெயரையே ஆங்கிலத்தில்தான் வைத்தார்கள். சட்டையும் அங்கிருந்து வந்ததுதான். 1909-ன் கடைசியில் யுவான் எலோர்துய் என்ற இளைஞர் இங்கிலாந்து போயிருந்தபோது, பிளாக்பர்ன் அணியினுடையதைப் போல நீல வெள்ளைச் சட்டைகள் வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். வேண்டிய அளவு கிடைக்கவில்லை. கப்பலேறும் நேரம் நெருங்கிவிட, சவுதாம்ப்டன் துறைமுகத்தில் அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். பில்பாவோ நகரத்தின் நிறங்களும் சிவப்பும் வெள்ளையும்தான் என்பதால் அது அப்படியே நிலைத்துவிட்டது. மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903-ல் கிளை அணியாகத் தொடங்கிய கிளப்பும் அதே நிறத்துக்கு மாறியது. இன்று அத்லெடிகோ மாட்ரிட் என்று உலகம் அறிந்திருப்பது அந்தக் கிளையைத்தான்.

1913 ஆகஸ்ட் 21-ல் சான் மாமெஸ் மைதானம் திறக்கப்பட்டது. பக்கத்தில் இருந்த தேவாலயத்தின் புனிதர் பெயர் அது. மாமெஸ் என்ற அந்தப் பையனைச் சிங்கங்களுக்கு இரையாகப் போட்டதாகவும், சிங்கங்கள் அவனைத் தொடாமல் படுத்துக்கொண்டதாகவும் ஐதிகம். ஆட்டக்காரர்களைச் ‘சிங்கங்கள்’ என்று ரசிகர்கள் அழைப்பது அதனால்தான். மைதானத்தையும் ‘தேவாலயம்’ என்றே சொல்வார்கள்.

அங்கே விழுந்த முதல் கோல் ரஃபேல் மொரேனோ அரன்சாதி அடித்தது. ஊருக்கு அவர் ‘பிச்சிச்சி’. ஒல்லியான உடம்பு, தலையில் நான்கு முனையிலும் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார். 1922-ல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தபோது வயது 29. ஸ்பானிஷ் லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருது இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் வாங்கியது அதைத்தான்.

1926-ல் மைதானத்தில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார்கள். சான் மாமெஸுக்கு முதல்முறையாக ஆட வரும் எந்த அணியாக இருந்தாலும், ஆட்டத்துக்கு முன்னால் அதன் கேப்டன் அந்தச் சிலையின் காலடியில் ஒரு பூங்கொத்து வைப்பார். பெரிய அணி, சின்ன அணி என்ற பேதம் இல்லை. உள்ளூர் கேப்டன் கூடவே நிற்பார். அரங்கம் எழுந்து கைதட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள். கால்பந்தில் எனக்குப் பிடித்த சடங்கு எதுவென்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடுபவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்கிற விதி, ஆட்டம் சொல்லித்தருபவருக்குக் கிடையாது. கற்பதற்கு அவர்கள் எங்கேயும் கைநீட்டத் தயங்கியதில்லை. ஃபிரெட் பென்ட்லேண்ட் என்ற ஆங்கிலேயர் 1922-ல் பயிற்சியாளராக வந்தார். முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் கைதிகள் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். வட்டத் தொப்பியும் சுருட்டுமாகத்தான் எப்போதும் இருப்பார். நீளமாகத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் பழக்கத்தை மாற்றி, குட்டிக் குட்டியாகப் பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். பெரிய வெற்றி வந்தால் ஆட்டக்காரர்கள் அவர் தொப்பியைப் பிடுங்கி மிதித்துத் துவைப்பது வழக்கம். 1930-லும் 31-லும் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே ஜெயித்ததால் நிறையத் தொப்பிகள் போயின. 1929-30 லீக்கில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள், அதில் பாத்தா என்பவர் மட்டும் ஏழு கோல். பார்சிலோனா தன் லீக் வரலாற்றில் கண்ட மிக மோசமான தோல்வி அதுதான்.

பிறகு போர் வந்தது. 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பாஸ்க் பகுதிக்குத் தன்னாட்சி கிடைத்தது. அதன் முதல் தலைவராக கெர்னிகா நகரத்து ஓக் மரத்தின் கீழே பதவியேற்ற ஹோசே அந்தோனியோ அகிர்ரே, இளம் வயதில் அத்லெடிக் அணிக்கு ஆடியவர். கால்பந்தின் சக்தி என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ்க் அணி ஒன்றைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். போருக்குப் பணம் வேண்டும், அகதிகளுக்குப் பணம் வேண்டும், தங்கள் தரப்பு நியாயத்தை உலகம் கேட்கவும் வேண்டும். 1937 ஏப்ரல் 26 அன்று பாரிஸில் அந்த அணி தன் முதல் ஆட்டத்தை ஆடி ஜெயித்தது. அதே ஏப்ரல் 26 அன்றுதான் ஜெர்மானிய விமானங்கள் கெர்னிகாவைக் குண்டுபோட்டு எரித்தன. ஜூன் 19-ல் பில்பாவோ விழுந்தது. திரும்பிப்போக ஊர் இல்லாத அந்த அணி சோவியத் யூனியன், நார்வே, டென்மார்க் என்று ஆடிக்கொண்டே போய், அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோவில் இறங்கியது. 1938-39 மெக்சிகோ லீக்கில் சேர்ந்து இரண்டாம் இடம் பிடித்தது! அவர்களில் பலருக்குத் தென்னமெரிக்காவிலும் மெக்சிகோவிலுமே வாழ்க்கை தொடர்ந்தது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை அத்லெடிக் அப்படியே இழந்தது.

போரில் வென்ற ஃபிராங்கோவின் ஆட்சி கிளப்பின் பெயரிலும் கைவைத்தது. ஆங்கிலப் பெயர் கூடாது என்று 1941-ல் ‘அத்லெடிகோ தெ பில்பாவோ’ ஆக்கினார்கள். பழைய பெயரைத் திரும்பப் பெற 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொது இடத்தில் பாஸ்க் மொழி பேசினாலே தண்டனை என்றிருந்த காலம். உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டுமே ஆடும் அணி அந்த மக்களுக்கு எப்படிப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போரில் நொறுங்கிய அணியைப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை வைத்துத்தான் மறுபடி கட்டினார்கள். அப்படி வந்தவர்தான் டெல்மோ சாரா, ஒரு ரயில் நிலைய அதிகாரியின் மகன். தலையால் முட்டிக் கோலடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. லீக்கில் மட்டும் 251 கோல். பிச்சிச்சி விருதை ஆறு முறை வாங்கினார். 1950 உலகக்கோப்பையில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்தை ஸ்பெயின் வீழ்த்திய அந்த ஒற்றை கோலும் அவருடையதே. அவருடைய 251-ஐ 2014 நவம்பரில் மெஸ்ஸி தாண்டும்வரை, அறுபது ஆண்டுகள் யாராலும் எட்ட முடியவில்லை.

1958-ல் மன்னர் கோப்பை இறுதிப்போட்டி. அப்போது அதன் பெயர் ஜெனரல் கோப்பை, ஃபிராங்கோவின் கோப்பை. எதிரே தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியச் சாம்பியனான, டி ஸ்டெஃபானோவின் ரியல் மாட்ரிட். நடக்கும் இடமும் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானம். பொது மைதானத்துக்கு மாற்றுங்கள் என்று பில்பாவோ கேட்டுப்பார்த்தது, நடக்கவில்லை. 2-0 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். ‘பதினோரு பட்டிக்காட்டார்’ என்ற பெயர் அந்த அணிக்கு அன்றைக்குக் கிடைத்தது. அதைப் பட்டயம்போல இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். ஓராண்டு கழித்து, 1976 டிசம்பர் 5, சான் செபாஸ்தியான் நகரத்தின் அதோச்சா மைதானம். ரியல் சோசியதாதுக்கும் அத்லெடிக்குக்கும் ஆட்டம். இரண்டுமே பாஸ்க் அணிகள், இரண்டும் பரம வைரிகள். ‘இகுரின்யா’ என்ற சிவப்பு, பச்சை, வெள்ளைப் பாஸ்க் கொடிக்குத் தடை இன்னும் நீங்கவில்லை. அதைப் பிடித்ததற்காக அடிவாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். சோசியதாத் ஆட்டக்காரர் ஒருவரின் சகோதரி ஒரு கொடியைத் தைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஆட்டக்காரர் அதை மறைத்து மைதானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். உடைமாற்றும் அறையில் இரண்டு அணியினரிடமும் கேட்டார்கள். எல்லோரும் சரியென்றார்கள். ஆட்டம் தொடங்கும் நேரம், சோசியதாத் கேப்டன் கோர்தபார்ரியாவும் அத்லெடிக் கேப்டன் இரிபாரும் கொடியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, இரண்டு அணிகளும் பின்னால் வந்தன. மைதானத்தின் நடுவட்டத்தில் கொண்டுபோய் விரித்தார்கள். அடுத்த மாதமே அரசு தடையை விலக்கிக்கொண்டது.

ஹோசே ஆங்ஹெல் இரிபார் கோல்கீப்பர். எப்போதும் கறுப்பு உடை. 1962 முதல் 1980 வரை அத்லெடிக்குக்கு 614 ஆட்டங்கள் ஆடிய அவருக்கு ஒரு லீக் பட்டம்கூட வாய்க்கவில்லை. ஆனாலும் பில்பாவோவில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற மூன்றாவது ஆண்டில் பட்டம் வந்தது. அத்லெடிக்குக்கு ஆடி, காலுடைந்து இளம் வயதிலேயே ஆட்டத்தைவிட்ட ஹவியர் கிளெமெந்தே பயிற்சியாளர். 1983-ல் லீக். 1984-ல் லீக்கும் கோப்பையும். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், முரட்டு ஆட்டம். அந்த அணியின் கோய்கோயெச்சியா பார்சிலோனாவின் மரடோனாவுடைய கணுக்காலை உடைத்தது 1983 செப்டம்பரில். அந்தப் பழியைத் தீர்த்துக்கொள்ள 1984 கோப்பை இறுதிப்போட்டி முடிந்ததும் மரடோனா பாய, மன்னர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அணிகளும் மைதானத்தில் கட்டிப்புரண்டன. கிளப்பின் பெருமையைப் பேசும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால், அந்த இரண்டு ஆண்டுகள் அந்த ஊருக்கு எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் கட்டும் தளங்களும் இரும்பாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 1983 ஆகஸ்டில் வெள்ளம் நகரத்தின் பழைய பகுதியையே மூழ்கடித்தது. குண்டுவெடிப்பும் அரசியல் கொலைகளும் வேறு. வேலை போன மக்கள், மூச்சுமுட்டும் புகை, கறுத்த ஆறு. அந்த நெர்வியோன் ஆற்றில், சரக்கு ஏற்றும் தட்டைப் படகு ஒன்றில் கோப்பையோடு ஆட்டக்காரர்களை ஏற்றி, கடல் முகத்திலிருந்து நகரசபைவரை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கரையின் இரண்டு பக்கமும், பாலங்களின் மேலும், கிரேன்களின் மேலும் லட்சக்கணக்கில் மக்கள். ‘கபார்ரா’ என்ற அந்தப் படகு அதற்குப் பிறகு ஓர் ஏக்கமாகவே ஆகிப்போனது.

ஏனென்றால் அடுத்த நாற்பது ஆண்டுகள் அது தண்ணீரில் இறங்கவே இல்லை. 1985, 2009, 2012, 2015 என்று கோப்பை இறுதிப்போட்டிகளில் தோல்வி. கொரோனாவால் தள்ளிப்போன 2020 இறுதிப்போட்டி 2021 ஏப்ரல் 3-ல் நடந்தது, அதில் பக்கத்து ஊர் ரியல் சோசியதாதிடமே தோல்வி. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 17-ல், அந்த ஆண்டுக்கான இறுதிப்போட்டியில் பார்சிலோனாவிடம் 0-4. மார்செலோ பியெல்சா பயிற்சியாளராக இருந்த காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் மைதானத்திலேயே 3-2 என்று திணறடித்து, 2012 ஐரோப்பா லீக் இறுதிவரை போனார்கள். அங்கேயும் தோல்வி, அத்லெடிகோ மாட்ரிட்டிடம். பெற்ற கிளையிடமே தோற்றார்கள்.

இந்த வறட்சிக்குக் காரணம் தெரியாததல்ல. 1995-ல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கு இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை உடைத்தது. எல்லா அணிகளும் கண்டம் முழுக்க ஆளெடுக்கத் தொடங்கின. சோசியதாத் அதற்கும் முன்பே, 1989-ல், அயர்லாந்தின் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கித் தன் பாஸ்க் விதியைக் கைவிட்டிருந்தது. பில்பாவோ மட்டும் அசையவில்லை. 2007-ல் இரண்டாம் டிவிஷனின் வாசல்வரை போய், கடைசி நாள் ஆட்டத்தில் லெவாந்தேயை 2-0 என்று வென்று தப்பித்தார்கள். அப்போதும் அசையவில்லை.

விதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆட்டக்காரன் வானத்திலிருந்து விழமாட்டான். இந்தப் பிடிவாதத்தின் உண்மையான முகவரி, நகரத்துக்கு வெளியே லெசாமா என்ற கிராமத்தில் 1971-ல் திறந்த பயிற்சிக்களம். சிறுவர்களில் தொடங்கி வயதுவாரியாக அணிகள். மேலே வந்தால் பாஸ்கோனியா என்ற துணை அணி, அதற்கு மேலே பில்பாவோ அத்லெடிக் என்ற இரண்டாம் அணி, பிறகுதான் முதல் அணி. மாகாணம் முழுக்கச் சிறு கிளப்புகளோடு ஒப்பந்தம். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் நன்றாக ஆடுகிறான் என்றால் அவன் கிராமத்தைத் தாண்டுவதற்குள் லெசாமாவுக்குச் சேதி போய்விடும். வேறு அணி பயிற்சிக்களத்தை மூடினால் பணம் கொடுத்து ஆள் வாங்கிக்கொள்ளலாம். இவர்கள் மூடினால் கிளப்பையே மூட வேண்டியதுதான். அதனால்தான் அங்கே ஒரு பையனை அவ்வளவு சீக்கிரம் கைவிடமாட்டார்கள். பழைய சான் மாமெஸை இடித்தபோது அதன் கூரையைத் தாங்கிய பெரிய இரும்பு வளைவைப் பெயர்த்தெடுத்து லெசாமாவில்தான் நட்டிருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

அத்லெடிக்கைத் திட்டுபவர்களும் பாஸ்க் மண்ணிலேயே இருக்கிறார்கள். தன் பிள்ளைகளை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பணத்தைக் காட்டித் தூக்கிப்போகிறது என்பது சோசியதாத், ஒசாசுனா ரசிகர்களின் பழைய குமுறல். அதில் நியாயமும் இருக்கிறது. 1995-ல் 17 வயது எச்செபெர்ரியாவை சோசியதாதிடமிருந்து எடுத்தபோது இரண்டு கிளப்புகளுக்கும் உறவே முறிந்தது. அதே எச்செபெர்ரியா தன் கடைசி ஆண்டில் சம்பளமே வாங்காமல் அத்லெடிக்குக்கு ஆடினார் என்பதும் உண்மை. விற்கும்போதும் இவர்கள் கெட்டி. ஒப்பந்தத்தில் எழுதிய விடுவிப்புத் தொகையை முழுசாக எண்ணி வைத்தால்தான் ஆள். ஹவி மார்தினெஸுக்கு பயர்ன் மியூனிக் 4 கோடி யூரோ கொடுத்தது. லபோர்ட்டுக்கு மான்செஸ்டர் சிட்டி ஆறரைக் கோடி. கோல்கீப்பர் கெபாவுக்கு செல்சி 8 கோடி. கையில் காசு இருக்கும், ஆனால் வாங்கச் சந்தை இருக்காது. அண்டை அணிகளுக்கும் அது தெரியும் என்பதால் இவர்களிடம் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள்.

கிளப்பின் சொந்தக்காரர்கள் உறுப்பினர்கள்தான். 1990-ல் வந்த சட்டம் ஸ்பெயினின் அணிகளைக் கம்பெனிகளாக மாறச் சொன்னபோது விலக்குப் பெற்ற நான்கில் அத்லெடிக் ஒன்று. தலைவரை உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். விதியைத் தளர்த்துவேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஓட்டுக் கேட்டு வந்து ஜெயிக்க முடியாது.

மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். ‘நம்ம ஆள்’ என்பவர் யார்? ரத்தமா, குடும்பப் பெயரா, பிறந்த ஊரா? ஒரு காலத்தில் பிஸ்காயா மாகாணத்தில் பிறந்தவர் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு பாஸ்க் நாடு முழுவதும் என்றானது. 1996-ல் பிரான்ஸ் பக்கத்து பாஸ்க்காரரான லிசராசு வந்தார். அங்கே வளர்ந்தால் போதும் என்பதும் ஏற்கப்பட்டது. அணியின் பயிற்சியாளராக இருந்த எர்னெஸ்தோ வல்வெர்டேயே தெற்கே எக்ஸ்ட்ரெமதுரா பகுதியில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போது குடும்பத்தோடு பாஸ்க் மண்ணின் விட்டோரியாவுக்குக் குடிபெயர்ந்தவர். அத்லெடிக்குக்காக ஆடியவர். 2011-ல் அங்கோலா வம்சாவளியைச் சேர்ந்த யோனாஸ் ரமால்யோ இறங்கினார், அந்தச் சட்டையில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர்.

அவருக்குப் பின்னால் வந்தார் இன்யாக்கி வில்லியம்ஸ். அவருடைய அப்பாவும் அம்மாவும் கானாவிலிருந்து கிளம்பி, சகாரா பாலைவனத்தில் பெரும்பகுதியை நடந்தே கடந்து, மெலில்யாவின் முள்வேலியைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்தவர்கள். அப்போது அம்மாவின் வயிற்றில் இன்யாக்கி. பில்பாவோவில் அவர்களுக்குக் கைகொடுத்த ஒரு பாதிரியாரின் பெயரைத்தான், 1994-ல் பிறந்த பிள்ளைக்கு வைத்தார்கள். குடும்பம் பிறகு பாம்ப்லோனாவுக்குப் போனது. தம்பி நிகோ 2002-ல் பிறந்தது அங்கே. 2016 முதல் 2023 வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் இன்யாக்கி தொடர்ச்சியாக 251 ஆட்டங்கள் ஆடினார், ஸ்பெயினில் அது சாதனை. இன்று அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு. கிளப்பில் இரண்டு பேரும் ஒரே சட்டை.

இந்தக் குடும்பத்தின் கதையைப் படித்த பிறகு, அத்லெடிக்கின் விதியை இனவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ரத்தத்தைப் பார்த்துச் சேர்க்கும் அணியாக இருந்திருந்தால் அது எப்போதோ செத்திருக்கும். இந்த மண்ணில் வளர்ந்தாயா, இங்கே பந்து கற்றாயா என்று மட்டும் கேட்கக் கற்றுக்கொண்டதால் பிழைத்திருக்கிறது. நிறத்தைச் சொல்லித் திட்டும் கூட்டம் ஸ்பெயினின் மைதானங்களில் இன்னும் ஒழியவில்லை. 2020 ஜனவரியில் எஸ்பன்யோல் அணியோடு நடந்த ஆட்டத்தில் இன்யாக்கியும் அதை அனுபவித்தார். அவரை பில்பாவோ தன் கேப்டன் ஆக்கியிருக்கிறது.

2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையிலிருந்து கானா வெளியேறிய இரண்டாம் நாள், இன்யாக்கி விமானம் பிடித்து வந்து பார்சிலோனாவுக்கு எதிரான கோப்பைக் காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கூடுதல் நேரத்தில் அவர் ஒன்று, தம்பி ஒன்று. 4-2. ஏப்ரல் 6-ல் செவில்லா நகரத்தில் மயோர்காவோடு இறுதிப்போட்டி. நமக்கு அது நள்ளிரவு ஒன்றரை மணி. மயோர்கா முதலில் கோலடித்தது, பின்பாதியின் தொடக்கத்தில் நிகோ கொடுத்த பந்தில் சான்செத் சமன்செய்தார். 1-1. கூடுதல் நேரமும் போய், பெனால்டி. கோல்கீப்பர் அகிர்ரெசபாலா ஒன்றைத் தடுத்தார், மயோர்கா இன்னொன்றை வானத்துக்கு அடித்தது. கடைசிப் பெனால்டிக்கு பெரெங்கெர் வந்து நின்றார். பந்து வலைக்குள் போனபோது இங்கே அதிகாலை நான்கு மணியைத் தாண்டிவிட்டது. அழுதுகொண்டிருந்த வயதானவர்களைத்தான் கேமரா காட்டிக்கொண்டே இருந்தது. 1984-ல் இளைஞர்களாக இருந்தவர்கள்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதே பழைய கபார்ரா நெர்வியோனில் இறங்கியது. கப்பல் தளங்கள் இருந்த இடத்தில் இப்போது குக்கன்ஹைம் அருங்காட்சியகம் மின்னுகிறது. கரைகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள்.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. 2002-ல் தொடங்கிய முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார்கள், இதுவரை ஐந்து பட்டம். அவர்களுக்கும் அதே விதிதான். 2019 ஜனவரி 30-ல் அவர்கள் அத்லெடிகோ மாட்ரிட்டோடு ஆடிய கோப்பை ஆட்டத்துக்கு சான் மாமெஸில் 48,121 பேர் வந்தார்கள். அதுவும் ஒரு புதன்கிழமை.

இனி என்ன வேண்டும் இவர்களுக்கு? 2024-25 லீக்கில் நான்காம் இடம் பிடித்து, பத்தாண்டுக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பினார்கள். அதே பருவத்தில் ஐரோப்பா லீக் அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது பெரிய வலி, ஏனென்றால் இறுதிப்போட்டி நடக்கவிருந்தது சான் மாமெஸிலேயே. பார்சிலோனா கைநீட்டிக்கொண்டிருக்க, நிகோ 2025 ஜூலையில் 2035 வரை பில்பாவோவிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார். ஆறரைக் கோடிக்குப் போன லபோர்ட் அதே ஆண்டு திரும்பி வந்தார்.

லீக் பட்டம் இவர்களுக்கு இனி வருமா என்று கேட்டால், அருகில் இல்லை என்பதுதான் என் கணிப்பு. 38 ஆட்டங்களைத் தாங்க இரண்டு முழு அணி வேண்டும், 30 லட்சம் பேருக்குள்ளிருந்து அதைத் திரட்டுவது பெரும்பாடு. ஐரோப்பியக் கோப்பை ஒன்று வரலாம். 1977-ல் யுவெஃபா கோப்பையில் யுவென்டஸிடம் வெளியூர் கோல் கணக்கில் கைநழுவியது, 2012-ல் மறுபடி நழுவியது. அது அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி என்றே நான் கருதுகிறேன். அது வந்தாலும் வராவிட்டாலும், உலகின் பெரிய லீக்குகளில் நான் மிகவும் மதிக்கும் கிளப் இதுதான்.

அடுத்த வாரம் மிசோரம். ஐ-லீக்கிலிருந்து இறக்கப்பட்டு, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டு, அடுத்த பருவத்திலேயே, 2016-17-ல், இந்தியாவின் சாம்பியனான ஐஸால் எஃப்.சி.

(தொடரும்)